கிளியரன்ஸைக் கெடுப்பது கடனா, குடியா, மறைத்ததா?

கேட்டவரின் நிலைமை இது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில், வர்ஜீனியாவில், வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாள அரசே தரும் அனுமதி, வாங்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்து முடிந்து காரில் திரும்பும்போது, குடித்துவிட்டு ஓட்டியதாகப் போலீஸ் கைது செய்தது. வக்கீல் வாதாடி அதை ‘ரெக்லெஸ் டிரைவிங்’ (பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டியது) என்று குறைத்து வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே வேலை போனது. சம்பளம் இல்லாத மாதங்களில் மூன்று கிரெடிட் கார்டுகளில் ஏறிய கடன், ஏறக்குறைய 30,000 டாலர், வசூல் நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. இப்போது மறுபடியும் நல்ல சம்பளம். நண்பர்கள் சொல்வது: “கேஸ்தான் குறைஞ்சு போச்சே, அதை ஏன் எழுதறே? கடன் ஏழு வருஷத்துல கிரெடிட் ரிப்போர்ட்டை விட்டுத் தானா போயிடும், சும்மா இரு.” இதைக் கேட்கலாமா, அல்லது இந்த வேலையே வேண்டாமென்று விட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி.

இரண்டுமே வேண்டாம். விண்ணப்பியுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள், கடனுக்கு இந்த வாரமே ஏதாவது செய்யத் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன அளவில் அந்தக் கைதும் அந்தக் கடனும் தாண்டக்கூடியவை. இதைவிட மோசமான நிலையில் இருந்தவர்கள் கிளியரன்ஸ் பெற்றிருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்கிறபடி செய்தால், தாண்டக்கூடிய இரண்டு பிரச்சினைகளோடு தாண்ட மிகக் கடினமான மூன்றாவது ஒன்று வந்து சேரும். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களிடையே இதைப் பற்றி உலவும் பேச்சில் பாதிக்கு மேல் தவறு.

யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து? 2017 ஜூன் 8 முதல் எல்லா அமெரிக்க அரசுத் துறைகளுக்கும் பொதுவாக நடப்பில் இருப்பது ‘சீட் 4’ என்று அழைக்கப்படும் ஆணை. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு நெறிகள் உண்டு. தனிப்பட்ட நடத்தை ‘ஈ’, பண விவகாரம் ‘எஃப்’, மது ‘ஜி’. ஒவ்வொரு நெறியிலும் முதலில் கவலை என்ன என்று சொல்லியிருக்கும். பிறகு எந்தெந்தச் செயல்கள் அந்தக் கவலையை எழுப்பும் என்ற பட்டியல், அதற்கு அடுத்து எவையெல்லாம் அதைத் தணிக்கும் என்ற பட்டியல். பலர் முதல் பட்டியலில் தங்கள் நிலைமையைப் பார்த்ததும் பயந்து இரண்டாவதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். உங்கள் வேலை முழுக்க அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.

ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் வழக்குகளை, முதல் கட்டத்தில் தீராவிட்டால், பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகம் கேட்கிறது. டி.ஓ.எச்.ஏ. என்பார்கள். அங்கே நிர்வாக நீதிபதி ஒருவர் சாட்சி கேட்டு எழுத்தில் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புகள் விண்ணப்பித்தவரின் பெயரை நீக்கி இணையத்தில் வெளியிடப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடன், குடி என்று தேடிப் பத்துப் பதினைந்து தீர்ப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள். நண்பர்கள் சொன்னதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

சட்ட நிலைமை உங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘கடற்படைத் துறை எதிர் ஈகன்’ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தாமஸ் ஈகன், வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் என்ற ஊரில் டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைச் செப்பனிடும் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். அவருக்குக் கிளியரன்ஸ் மறுக்கப்பட்டதற்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: தாக்குதல், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தது ஆகியவற்றில் தண்டனை, அதற்கும் முந்தைய இரண்டு தண்டனைகளை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது, முன்பு குடிப் பிரச்சினை இருந்ததென்றும் தண்டனையின் கடைசி 28 நாட்களை மது மறுவாழ்வுத் திட்டத்தில் கழித்ததாகவும் அவரே சொன்னது. நடத்தை, மறைப்பு, மது மூன்றும் அந்த ஒரே கோப்பில் இருந்தன. ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது, கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது என்பது. சந்தேகம் வந்தால் மறுப்பின் பக்கமே சாய வேண்டும் என்றும் சொன்னது. கிளியரன்ஸ் மறுத்தது சரியா தவறா என்பதை வெளியிலிருந்து இன்னொரு அமைப்பு எடைபோட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் வருகிறது. கிரிமினல் வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இங்கே அது அரசுக்கு. இதை மனதில் வைத்தால், ‘அவங்க நிரூபிக்கட்டும் பார்க்கலாம்’ என்ற மனநிலை எவ்வளவு ஆபத்து என்பது புரியும். உண்மைகளை ஓரளவு சாட்சியத்தோடு அரசு காட்டினால் போதும். அதன் பிறகு விளக்கித் தணிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

கடனையும் குடியையும் ஏன் இவ்வளவு தூரம் தோண்டுகிறார்கள் என்றால், அவர்கள் பட்ட அனுபவம் அப்படி. ரொனால்ட் பெல்டன் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தவர். 1979-இல் திவாலாகி வேலையை விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குப் போனார். ஓகோட்ஸ்க் கடலுக்கடியில் சோவியத் கம்பிவடத்தை அமெரிக்கா ஒட்டுக்கேட்ட ரகசியம், கோடிக்கணக்கான டாலர் செலவில் நடந்த வேலை, சுமார் 35,000 டாலருக்குப் போயிற்று. சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985 ஏப்ரலில் அதே தூதரகத்துக்குள் நுழைந்து 50,000 டாலர் கேட்டபோது, விவாகரத்தால் ஏறிய கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவர் அளவுமீறிக் குடிப்பது மேலதிகாரிகளுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். பிறகு 540,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். அப்போதும் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. அவர் காட்டிக்கொடுத்த சோவியத் ஆட்களில் பலர் கொல்லப்பட்டார்கள். 1994 பிப்ரவரியில் ஏம்ஸ் கைதானார். அந்த ஆண்டே நாடாளுமன்றம் இத்தகைய ஓட்டைகளை அடைக்கச் சட்டம் இயற்றியது. 1995 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் 12968 என்ற எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். இன்று உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை அரசு எடுத்துப் பார்ப்பதற்கு அடிப்படைகளில் ஒன்று அந்த ஆணை.

ஆனால் உங்கள் கோப்பைப் பார்ப்பவர் உங்களை ஏம்ஸ் என்று நினைக்கப் போவதில்லை. ‘எஃப்’ நெறியில் இரண்டு கவலைகள் எழுதப்பட்டிருக்கின்றன. பண நெருக்கடியில் இருப்பவர் பணத்துக்காகத் தவறு செய்யக்கூடும் என்பது ஒன்று. வாங்கிய கடனைக் கவனிக்காதவரிடம் சுயகட்டுப்பாடும் நிதானமும் விதியை மதிக்கும் குணமும் குறைவாக இருக்கலாம் என்பது இன்னொன்று. தீர்ப்புகளைப் படித்தால், நடைமுறையில் பெரும்பாலானோர் விழுவது இரண்டாவதில் என்பது தெரியும். கடிதத்தைப் பிரிக்காமலே வைப்பவர், ரகசியக் கோப்பைப் பூட்ட வேண்டும் என்ற விதியையும் அப்படித்தான் நடத்துவாரோ என்பதே அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதனால் கடன் தொகை மட்டும் வைத்து யாரும் ஜெயிப்பதோ தோற்பதோ இல்லை. 8,000 டாலரை ஆறு வருடம் திரும்பியே பார்க்காதவர் தோற்றதும், ஒரு லட்சத்துக்கு மேல் இருந்து ஒழுங்காக அடைத்துவருபவர் ஜெயித்ததும் நடக்கக்கூடியவையே.

உங்கள் கடன் வேலை போனதால் வந்தது. அது நல்ல காரணம். வேலையிழப்பு, மருத்துவ அவசரம், விவாகரத்து, குடும்பத்தில் மரணம், பிறர் உங்கள் பெயரில் செய்த மோசடி எல்லாம் உங்கள் கையை மீறியவை என்று நெறியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வரி அங்கே முடிவதில்லை. அந்தச் சூழலில் நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்ற கேள்வியும் அதே வரியில் இருக்கிறது. வேலை போனதை நிரூபிக்கக் கடிதம் கொண்டுவருவார்கள். மறுபடி வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியும் கடன்காரருக்கு ஒரு போன்கூடப் போடாததற்கு அவர்களிடம் பதில் இருக்காது. நான் படித்த தோல்விகளில் மிக அதிகமானவை இந்த இடத்தில் நிகழ்ந்தவை. எனக்கு மிகவும் வருத்தம் தருபவையும் அவைதான், ஏனென்றால் மாதம் 100 டாலர் கட்டியிருந்தால் பலரும் தப்பியிருப்பார்கள்.

எல்லாக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. டி.ஓ.எச்.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது: நியாயமான ஒரு திட்டம் இருக்க வேண்டும், அதன்படி நடந்ததற்குச் சான்று இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக அடைத்தாலும் சரி. பேரம் பேசிக் குறைத்த தொகையில் முடித்தாலும் சரி. லாபநோக்கற்ற கடன் ஆலோசனை மையம் வழியாகப் போனால் அது தனியாகவே உங்களுக்குச் சாதகமான அம்சம். எடுபடாதது எது என்றால், ‘இனிமேல் கட்டுவேன்’ என்ற வாக்குறுதி. அதோடு, எப்போது தொடங்கினீர்கள் என்பதை மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். குற்றச்சாட்டுக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் கட்டத் தொடங்கியவர், வேலை கைநழுவிப் போகிறதென்று கட்டுகிறார் என்றே தோன்றும். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் நீங்கள் கட்டிய முதல் தவணைக்கு, பிறகு கட்டும் பத்துத் தவணையை விட எடை அதிகம். இந்த வாரமே என்று சொன்னது அதனால்தான்.

ஏழு வருடக் கதைக்கு வருவோம். பழைய கடன் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து விழுவது உண்மை. மாநிலச் சட்டத்தின் காலக்கெடு தாண்டினால் வழக்குப் போட முடியாது என்பதும் உண்மை. வங்கி கைகழுவிவிட்டு, கடன் ரத்தானதைச் சொல்லும் ‘1099-சி’ வரிப் படிவம் அனுப்பினால் பெரும்பாலும் கேட்கவும் மாட்டார்கள், ஆனால் அந்தத் தொகையைப் பொதுவாக வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டும். கிளியரன்ஸ் நீதிபதிக்கு இவை எதுவும் நேர்மையான முயற்சி ஆகாது. காத்திருந்து தப்பித்தீர்கள் என்று மட்டுமே காட்டும். திவால் மனு சட்டபூர்வமான வழி, அதற்காக மட்டும் யாரும் மறுக்கப்படுவதில்லை. ஆனால் அதுவும் தனியாக நின்றால் கடனை அடைக்க முயன்றதாகக் கணக்கில் வராது. அதன் பிறகு ஒழுங்காக வாழ்ந்துகாட்டிய ஆண்டுகள்தான் பேசும்.

வரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தனியாருக்குத் தர வேண்டிய கடனைவிட, வரிப் படிவம் தாக்கல் செய்யாமல் விட்டதை டி.ஓ.எச்.ஏ. கடுமையாகப் பார்க்கிறது. பணம் திரும்ப வர வேண்டியிருந்தாலும் அப்படித்தான். அரசு சொன்ன எளிய விதியையே செய்யாதவர் என்ற எண்ணம் விழுந்துவிடும். நம்மவர்கள் தெரியாமல் மாட்டும் இடமும் இதில் இருக்கிறது. இந்தியாவில், வெளிநாட்டில் வாழ்பவர்கள் போடும் என்.ஆர்.இ. டெபாசிட்டின் வட்டிக்கு அங்கே வரி இல்லை. அதனால் இங்கும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க வரிக் கணக்கில் அதைக் காட்டியே ஆக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் ‘எஃப்பார்’ அறிக்கை தனியாகப் போட வேண்டும். உங்களுக்கு இதில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் ஒரு நல்ல வரி ஆலோசகரிடம் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் நிலுவையில் இருந்தால் அதுவும் உங்கள் பெயரில்தான் கேட்கப்படும். படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஊரிலுள்ள வீடு, கணக்கு, உறவுகள் பற்றி ‘பி’ என்ற வேறொரு நெறி இருக்கிறது. அது தனிக் கதை, இங்கே தொடவில்லை.

மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்வது யாருக்கும் குற்றமாகத் தெரியாது. ஆனால் வருமானம், செலவு, மிச்சம் என்று ஒரு கணக்குத்தாளை நிரப்பித் தரச் சொல்வார்கள். அதில் மிச்சம் நிற்க வேண்டும். அந்த மிச்சம் கடனுக்குப் போவது வங்கிக் கணக்கில் தெரிய வேண்டும்.

இனி மது. குடிப்பதே தவறு என்று அமெரிக்க அரசு சொல்வதில்லை. ‘ஜி’ நெறி கேட்பது, குடி உங்கள் நிதானத்தைக் கெடுத்ததா என்று. குடித்து வண்டி ஓட்டியது, சண்டை, மனைவியை அடித்தது, வேலைக்குப் போதையில் வந்தது, அடிக்கடி அளவுமீறிக் குடிப்பது, மருத்துவர் மதுப் பழக்கக் கோளாறு என்று கண்டறிந்தது, சிகிச்சையில் சொன்னதை மீறியது, நீதிமன்றம் விதித்ததை மீறியது ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு கைது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை, மருத்துவர் கோளாறு என்று சொல்லவில்லை என்றால், அது காலத்தாலேயே பெரும்பாலும் தணிந்துவிட்டது. இதே கைது இரண்டாவதாக இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். ஒன்று என்றால் தவறு செய்தார் என்பார்கள், இரண்டு என்றால் பழக்கம் என்று சந்தேகிப்பார்கள். அன்று ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதும் முக்கியம். சட்ட வரம்பு 0.08 சதவீதம். அதைச் சற்றே தாண்டியவரையும் 0.20-இல் நின்று பேசியவரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பின்னவர் உடம்பு அந்த அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

முழுக்க நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கோளாறு என்று கண்டறியப்பட்டு, மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பியர் குடித்தாலும் நெறியில் அது தனியாக எழுதப்பட்ட குறை. அப்படிச் சொல்லப்படவில்லை என்றால், குறைத்து அளவோடு குடிப்பதையே நெறி ஏற்கிறது. நிறுத்தாமல் நிறுத்தினேன் என்று சொல்வதுதான் நாசம். தீபாவளி விருந்தில் கையில் கிளாஸோடு நின்ற படத்தை யாரோ போட்டிருப்பார்கள், அல்லது உங்களுக்காகச் சாட்சி சொல்ல வந்த நண்பரே, “போன மாசம் எங்க வீட்டுல ரெண்டு பெக் சாப்பிட்டான், ஆனா ரொம்ப நிதானமான ஆளு” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வர்ஜீனியாவில் இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களை நீதிமன்றம் மதுப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அனுப்பும். வழக்குக் குறைந்தாலும் வக்கீல்கள் பலரை முன்கூட்டியே மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆலோசகரிடம் ‘வாரம் எவ்வளவு குடிப்பீர்கள்’ என்பதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். மூன்று நான்கு ஆண்டு கழித்து, கிளியரன்ஸுக்காக உங்கள் பின்னணியை விசாரிக்கும் இன்வெஸ்டிகேட்டர் கேட்கும்போது பாதியாகக் குறைத்துச் சொல்வீர்கள், பெரும்பாலும் வெட்கத்தால். இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வரும். மது விவகாரமாக முடிந்திருக்க வேண்டியது அங்கே பொய் விவகாரமாக மாறுகிறது. அதனால் அந்த மதிப்பீட்டின் நகலை இப்போதே வாங்கிப் படித்துவிடுங்கள். வகுப்பு முடித்த சான்றிதழ், நீதிமன்றக் கட்டண ரசீது, எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். இப்போதும் குடி உங்களை இழுக்கிறது என்று உங்களுக்கே தோன்றினால், கிளியரன்ஸ் போய்விடுமோ என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தானாகப் போய் ஆலோசனை பெற்று அதில் நிலைத்தவர்களுக்கு அது சாதகமாகவே எழுதப்பட்டிருக்கிறது. உடம்பும் குடும்பமும் அதற்கு முன்னால் வருகிறவை.

இனி நடத்தை. ‘ஈ’ நெறியின் கீழ் பல விஷயங்கள் வந்தாலும், எல்லாவற்றுக்கும் மேலே வைக்கப்பட்டிருப்பது கிளியரன்ஸ் விசாரணையில் உண்மை சொல்லாமை. நீங்கள் நிரப்பப்போகும் எஸ்.எஃப்-86 படிவத்தின் 22-ஆம் பிரிவு காவல்துறைப் பதிவு பற்றியது. வழக்குத் தள்ளுபடி ஆனாலும், பதிவு மூடி முத்திரையிடப்பட்டாலும், அழிக்கப்பட்டாலும் எழுத வேண்டும் என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. மத்திய போதைப்பொருள் சட்டத்தின் குறிப்பிட்ட ஒரு வகைக்கு மட்டும் விலக்கு உண்டு, உங்களுக்கு அது பொருந்தாது. ஏழாண்டுக் கணக்குக்கூட உங்களைக் காப்பாற்றாது. மது அல்லது போதைப்பொருள் தொடர்பாக வாழ்நாளில் எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று தனிக்கேள்வி இருக்கிறது. கடைசியில் எப்படிக் குறைந்தது என்பதை அந்தக் கேள்வி கேட்கவில்லை, சாட்டப்பட்டதா என்றே கேட்கிறது. கடனுக்கு 26-ஆம் பிரிவு: வசூல் நிறுவனத்துக்குப் போனவை, 120 நாளுக்கு மேல் கட்டாமல் நின்றவை எல்லாம் கேட்கப்படும். தெரிந்தே பொய் எழுதினால் ஐந்தாண்டுவரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு வழக்குகள் அரிதாகவே போகும் என்றாலும், கைரேகையோடு எஃப்.பி.ஐ. பதிவும் நீதிமன்றப் பதிவும் கிரெடிட் ரிப்போர்ட்டும் எடுக்கப்படும்போது மறைத்தது தெரியாமல் போகாது.

“நண்பர் சொன்னார், அதனால் எழுதவில்லை” என்பது தணிக்கும் காரணமாகுமா? வக்கீலோ, கிளியரன்ஸ் விஷயத்தில் வழிகாட்டுவதைத் தொழிலாகக் கொண்டவரோ சொல்லியிருந்தால் ஆகலாம், அதுவும் உண்மை தெரிந்த உடனே நீங்கள் முழுதாக ஒத்துழைத்திருந்தால். அலுவலக நண்பரும் மைத்துனரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

விட்டுப்போன ஒவ்வொன்றும் பொய்யாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படிவத்தைப் பார்த்தே நடுங்குவீர்கள். வேண்டுமென்றே விட்டதா என்பதுதான் கேள்வி. கைதையும் மூன்று கார்டுகளையும் எழுதிவிட்டு, மறந்துபோன மருத்துவமனை பாக்கி ஒன்றை விட்டவரை நீதிபதி நம்புவார். பெரியதை மறைத்துச் சிறியதை எழுதியவரை நம்பமாட்டார். அனுப்பிய பிறகு ஏதாவது நினைவுக்கு வந்தால், நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். நெறி பயன்படுத்தும் அளவுகோல், உண்மைகளை உங்கள் முன் வைப்பதற்கு முன்பே நீங்களாகத் திருத்தினீர்களா என்பது. நேர்காணலில் இன்வெஸ்டிகேட்டர் முதலில் பொதுவாகத்தான் கேட்பார்: “வேறு ஏதாவது கைது உண்டா?” கையில் காகிதம் இருக்கும், காட்டமாட்டார். அந்தப் பொதுக்கேள்விக்கு நீங்களாகச் சொன்னால் திருத்தம். இல்லையென்று சொல்லி, காகிதத்தைப் பார்த்ததும் “ஆமாம், அது…” என்று தொடங்கினால் அது பிடிபட்டது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு நிமிடம்தான், தீர்ப்பில் அது ஆண்டுகளாக விரிகிறது. ஏனென்றால் கடனை அடைத்ததற்கு ரசீது காட்டலாம், குடியைக் குறைத்ததற்குச் சான்றிதழ் காட்டலாம், பொய் சொன்னவர் இனிச் சொல்லமாட்டார் என்பதற்கு எந்தக் காகிதமும் கிடையாது.

இதே நெறியில் மிரட்டலுக்கு இடம் கொடுக்கும் ரகசியமும் வருகிறது. கடனை மனைவியிடமே சொல்லவில்லை, கைது அப்பாவுக்குத் தெரியாது என்று இருந்தால், அதை வைத்து உங்களை ஒருவர் வளைக்க முடியுமே என்ற கவலை எழும். வீட்டில் சொல்லிவிட்டு, ‘என் மனைவிக்குத் தெரியும்’ என்று ஒரு வரி எழுதினால் அந்தக் கவலை அடங்கிவிடும். நம் குடும்பங்களில் இந்த ஒரு பேச்சு மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் படிவம் அனுப்புவதற்கு முன் அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்து நடக்கப்போவது: முதலில் இடைக்காலக் கிளியரன்ஸுக்குப் பார்ப்பார்கள். கைதும் நிலுவைக் கடனும் இருப்பதால் உங்களுக்கு அது கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். அது இறுதி மறுப்பு அல்ல, அதை எதிர்த்து முறையிடவும் வழியில்லை. நிறுவனம் காத்திருக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். பிறகு விசாரணை, நேர்காணல். பெரும்பாலான கோப்புகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் காரணங்களை எண் போட்டுச் சொல்லும் எஸ்.ஓ.ஆர். என்ற குற்றச்சாட்டுக் கடிதம் வரும். 20 நாட்களுக்குள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று பதில் எழுத வேண்டும். நேரில் விசாரணை கேட்கலாம், காகிதத்திலேயே முடிவு செய்யவும் கேட்கலாம். உங்கள் மாதிரி நிலைமையில் நேரில் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. நீங்கள் மாறியிருக்கிறீர்களா என்பதை நீதிபதி உங்கள் முகத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு அறிய வேண்டும். மேலாளரின் கடிதத்தைவிட, உங்கள் கைதையும் கடனையும் தெரிந்துகொண்டே பரிந்து பேசும் மேலாளரின் கடிதம் பல மடங்கு மேல். குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாமல் புகழ்ந்து எழுதிய கடிதங்களை நீதிபதிகள் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டத்துக்கு வந்தால், கிளியரன்ஸ் வழக்குகளையே தொழிலாகச் செய்யும் வக்கீலைப் பாருங்கள். குடியேற்ற வக்கீலோ போக்குவரத்து வழக்கு வக்கீலோ இதற்குப் போதாது. தோற்றால் 15 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புத் தர வேண்டும். அங்கே புதுச் சான்று எதுவும் ஏற்கமாட்டார்கள், அதனால் கையில் இருக்கிற எல்லாமே முதல் விசாரணையிலேயே போய்விட வேண்டும். மறுப்பு உறுதியானால் ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பிக்கக் கேட்கலாம்.

கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். முன்பு சீக்ரெட்டுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் மறு ஆய்வு. இப்போது தொடர் கண்காணிப்பு: கைதுப் பதிவும் கிரெடிட் மாற்றமும் தானாகவே அவர்களுக்கு வந்துவிடும். ‘சீட் 3’ என்ற இன்னொரு ஆணைப்படி, எந்தக் கைதையும், திவால் மனுவையும், 120 நாளைத் தாண்டிய எந்த நிலுவையையும் நீங்களே பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். மறுபடி வேலை போய் ஒரு கார்டு தவறினால் 120-ஆவது நாளுக்காகக் காத்திராமல், கட்ட முடியாது என்று தெரிந்த மாதமே வங்கியையும் அதிகாரியையும் கூப்பிடுங்கள்.